முப்பத்தெட்டு கேட்டு வந்தவர்

யாங்கோன்

அன்புள்ள அப்பாவுக்கு, ஷைலா ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம்.

ரிவால்வருக்குப் போடும் முப்பத்தெட்டுத் தோட்டாவை இன்னும் யாராவது சுடுகிறார்களா என்று கேட்டிருந்தீர்கள். நான் வேலை செய்யும் துப்பாக்கி சுடும் கிளப்பில் இப்போது எல்லோர் கையிலும் ஒன்பது மில்லிமீட்டர் பிஸ்டல்தான். உங்களோடு போட்டிக்குப் போன ஏசுரத்தினம் மாமா மட்டும் ஞாயிறுதோறும் ரிவால்வரோடு வருவார். போன மாதம் அவர் வந்து கேட்டபோது, தோட்டா ஸ்டோரில் தேடிப் பார்க்காமலே, "முப்பத்தெட்டு தீந்துபோச்சு மாமா, இனிமே வாங்கமாட்டாங்களாம்" என்றேன்.

"வேற யாரும் கேக்கறதில்லையாம்மா?"

"உங்களத் தவிர யாருமில்ல மாமா."

சிரித்துக்கொண்டே போனார். பிறகு வரவேயில்லை. போன செவ்வாய்க்கிழமை மாரடைப்பில் கர்த்தரிடம் போய்விட்டார் அப்பா. அடக்கம் முடிந்த மறுநாள் ஸ்டோரை ஒழுங்குபடுத்தினேன். பின் அலமாரியில் பிரிக்காத ஒரு பெட்டி முப்பத்தெட்டு இருந்தது. அவர் மனைவி ரோஸ் அத்தையிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன்.

அம்மாவிடம் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள கொஞ்சம் இறால் பலாச்சோங் வறுத்துத் தரச் சொல்லுங்கள். யாரிடமும் கொடுத்தனுப்ப வேண்டாம், நீங்களே கொண்டுவாருங்கள். ஒரு நாள் இருந்தால்கூடப் போதும். வேலைக்கு பஸ் பிடிக்க வேண்டும்.

உங்கள் மகள்
ஷைலா