அப்பா பக்கத்து பிரேக்

ஜூன் 4, செவ்வாய்

இன்றைக்கும் பள்ளி விடுவதற்கு ரொம்ப முன்னாலேயே வண்டி வந்து நின்றுவிட்டது. கடைசி வகுப்பு நடக்கும்போதே ஜன்னல் வழியாகத் தெரிகிறது. தெரியாமல் எப்படி இருக்கும்? மஞ்சள் வண்டி, கூரைமேல் ஒரு பலகை, பின்கண்ணாடியில் கொட்டை எழுத்தில் ‘பழகுநர் வண்டி, தள்ளி வரவும்’. அப்பா கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். ஊரில் பாதிப் பேருக்கு அவர்தான் ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். என்னை மட்டும் தெருவைத் தாண்ட விடமாட்டார்.

“உன் தேர் வந்துடுச்சுடி” என்றாள் என் சிநேகிதி வாயாடி. பட்டப்பெயர்தான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

அப்பா அதோடு விட்டாரா? கண்ணாடியை இறக்கி, “பாத்து வா பாப்பா!” என்று ஒரு கத்தல். பள்ளி வாசலுக்கும் வண்டிக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தேன். அதில் எதைப் பார்த்து வருவது? எனக்குப் பதினாலு வயது. பாப்பாவாம்.

ஜூன் 5, புதன்

என் இன்னொரு சிநேகிதி ஒட்டடைக்குச்சி ஊரைவிட்டுப் போகிறாள். அவள் அப்பாவுக்கு மாற்றல். மாசக் கடைசியில் வீட்டைக் காலிசெய்கிறார்கள். மத்தியானம் சாப்பிடும்போது ஏதோ மழை வரும்போலிருக்கு என்பதுபோலச் சொன்னாள். வாயாடி சாப்பாட்டு டப்பாவை அப்படியே மூடி வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை சாயங்காலமானால் அவர்கள் இரண்டு பேரும் சைக்கிளில் பூங்காக் குளத்துக்குப் போவார்கள். அங்கே ஒரு கால் ஆடுகிற பெஞ்சு இருக்கிறதாம், அதில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரிப்பார்களாம். திங்கட்கிழமை அதெல்லாம் ஆறிப்போன டீ மாதிரி எனக்கு வந்து சேரும். “நீ இருந்திருக்கணும்டி.” இருந்திருக்கணும்தான்! யார் விட்டார்கள்?

ஒரே ஒரு சனிக்கிழமை. அவள் போவதற்குள் ஒன்றாவது. அப்பாவிடம் கேட்கப் போகிறேன்.

ஜூன் 6, வியாழன்

கேட்கவில்லை.

ஜூன் 7, வெள்ளி

கேட்டேன். “பாக்கலாம்” என்றார். அப்பாவின் ‘பாக்கலாம்’ எனக்குத் தெரியாதா. மாடியில் படுக்கவா என்று கேட்டதற்கும் பாக்கலாம், பள்ளிச் சுற்றுலாவுக்கும் பாக்கலாம். எதையும் இதுவரை பார்க்கவில்லை.

அப்புறம் அவராகவே, “அவங்களை இங்க வரச் சொல்லேன், நான் பிஸ்கட் வாங்கி வெக்கறேன்” என்றார்.

ஜூன் 8, சனி

வந்தார்கள். அப்பாவும் எங்களோடு உட்கார்ந்துகொண்டார்! நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பிஸ்கட் தட்டை நீட்டியபடி, “பேசுங்க, பேசுங்க, நான் ஒண்ணும் குறுக்க வரமாட்டேன்.”

என்னத்தைப் பேச? வாயாடி பாவம், சும்மா இருக்க முடியாமல் கிளட்ச் என்றால் என்ன என்று கேட்டுத் தொலைத்தாள். அப்பா மூன்று செருப்பை எடுத்துவந்து வரிசையாகத் தரையில் வைத்து, இது கிளட்ச், இது பிரேக், இது ஆக்ஸிலேட்டர் என்று ஆரம்பித்துவிட்டார். இருட்டுவதற்கு முன்பே இரண்டு பேரும் கிளம்பிவிட்டார்கள். போகும்போது ஒட்டடைக்குச்சி என் கையை அழுத்திவிட்டுப் போனாள். துக்கம் விசாரிக்க வந்தவள் மாதிரி. எனக்கு எரிச்சலில் அழுகையே வந்துவிட்டது.

ஜூன் 9, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை அப்பா அம்மாவின் செருப்பைத் துடைத்து மறுபடியும் அதே இடத்தில் வைப்பார். வைத்தார்.

அம்மா போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. அன்றைக்கு பஸ் நிறுத்தத்துக்கு அப்பா போய்க் கூட்டிவருவதாக இருந்தது. ஏதோ ஒரு பழகுநருக்கு வண்டியைப் பின்னால் எடுக்க வராமல் பாடம் இழுத்துக்கொண்டே போனது. “நான் நடந்தே வந்துடறேன், நீங்க அவசரப்படாதீங்க” என்று அம்மா போன் பண்ணினாள். பூங்கா வளைவில் ஓரமாக நடந்து வந்தவளை ஒரு வேன் அடித்துவிட்டது.

எனக்கு இதெல்லாம் தெரியாதா? எனக்கும்தானே அம்மா இல்லை. எனக்கும் அழணும்போல இருக்கும். ஆனால் நான் அழுதால் அப்பா வாசலுக்கு இன்னொரு பூட்டு வாங்கி வருவார். ஏற்கெனவே மூன்று தொங்குகிறது.

இன்னொன்று. பயிற்சி வண்டியில் அப்பா உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் தடுமாறினால் அப்பா மிதிப்பார், வண்டி நின்றுவிடும். வீட்டிலும் அந்தக் கால் சும்மா இருப்பதில்லை. நான் மாடிப்படியில் கொஞ்சம் வேகமாக இறங்கினால் போதும், சோபாவில் உட்கார்ந்திருப்பவரின் வலது கால் தரையை ஒரு அழுத்து அழுத்தும். அவருக்கே தெரியாது. எனக்குத் தெரியும். பார்க்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வரும்.

ஜூன் 13, வியாழன்

சித்தி போனில் அப்பாவைப் பிடித்தாள். “அத்தான், அவ என்ன கைக்குழந்தையா? அக்கா இருந்தா அவளே சைக்கிளுக்குக் காத்தடிச்சு அனுப்பியிருப்பா.” அவள் குரல் எனக்கே கேட்டது. அப்பா போனை மறு காதுக்கு மாற்றினார். அப்புறம், “சரி. சனிக்கிழமை போகட்டும்.”

சித்தி வாழ்க! நூறு வருஷம் வாழ்க!

ஜூன் 15, சனி

எழுதும்போதே பேனா தாளைக் கிழிக்கிறது. கோபத்தில்தான்.

மூன்று பேரும் சைக்கிளில் கிளம்பினோம். கடைத்தெருவைத் தாண்டியிருக்க மாட்டோம், பின்னால் ஒரே ஹாரன். திரும்பிப் பார்த்தால் தெரு முழுக்க வண்டிகள் தேங்கி நிற்கின்றன, எல்லாவற்றுக்கும் முன்னால் மஞ்சள் வண்டி ஊர்ந்து வருகிறது. ஓட்டுவது மருந்துக்கடை அக்கா. புதிதாகக் கற்றுக்கொள்கிறவள். பக்கத்தில் அப்பா.

வண்டியை நிறுத்தச் சொல்லிப் போய்க் கேட்டேன். “இன்னிக்கு அக்காவுக்கு மெதுவா ஓட்டற பாடம் பாப்பா, அதான்” என்கிறார், என் முகத்தைப் பார்க்காமல். அக்கா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, “நான் எதுவும் சொல்லலைம்மா” என்றாள்.

வாயாடி சிரிப்பை அடக்கிக்கொண்டு மிதித்தாள். நான் வேண்டுமென்றே வேகமாகப் போனேன். பூங்காவுக்கு முன்னால் உள்ள வளைவில் ஒரு ஐஸ்கிரீம் தள்ளுவண்டி நின்றிருந்தது. அதைத் தாண்டிவிட்டேன். அடுத்த நிமிஷம் பின்னால் டமார்.

அக்கா பயந்து பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலேட்டரை மிதித்துவிட்டாள். அதற்குத்தானே அப்பா பக்கம் ஒரு பிரேக் இருக்கிறது? அப்பா மிதிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, நான் எங்கே போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் அந்த வண்டிமேல் ஒரு கீறல் விழுந்ததில்லை.

ஐஸ்கிரீம்காரர் எகிறிக் குதித்ததால் தப்பித்தார். தள்ளுவண்டி கவிழ்ந்து கிடந்தது. அக்கா இறங்கி ஓ என்று அழுதாள். “சார், நான் கத்துக்க வந்தவ. தப்பாத்தான் மிதிப்பேன். நீங்க ரோட்டைப் பாக்கவே இல்லையே சார்!”

நானும் விடவில்லை. நடுரோட்டில் நின்று கத்தினேன். “நான் போனா எனக்கு ஆபத்துன்னீங்க! இப்ப யாருப்பா சாகப் பாத்தது? அந்த மனுஷன் சும்மா ஓரமா நின்னாரு!”

அப்பா அந்த ஆளைப் பார்த்தார். வளைவைப் பார்த்தார். முகம் வெளுத்துப்போய்விட்டது. அப்படியே ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். சொல்லியிருக்கக் கூடாதோ? இல்லை. சொன்னது சொன்னதுதான்.

குளத்துக்குப் போகவில்லை.

ஜூன் 16, ஞாயிறு

அப்பா அம்மாவின் செருப்பை இரண்டு தடவை துடைத்தார். நான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஜூன் 18, செவ்வாய்

அப்பா பாடங்களை நிறுத்திவிட்டு இரண்டு நாளாக ஐஸ்கிரீம்காரர் வீட்டுக்குப் போய் அந்தத் தள்ளுவண்டியை அவரோடு சேர்ந்து சரிசெய்கிறார். இன்று கையெல்லாம் பெயிண்டோடு வந்து சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார்.

“அந்தாளு குதிக்கலைன்னா, பாப்பா?”

நான் தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன்.

“அன்னிக்கு நான் நேரத்துக்குப் போயிருந்தா உங்கம்மா...”

அம்மாவைப் பற்றி அவர் வாயைத் திறந்ததே இல்லை. செருப்பு துடைப்பதோடு சரி. “அம்மாதானேப்பா நடந்து வரேன்னு சொன்னா” என்றேன். அதற்குமேல் என்னாலும் முடியவில்லை. இரண்டு பேரும் உட்கார்ந்து அழுதோம். சாப்பாடு ஆறிப்போய்விட்டது.

புதுப் பூட்டு எதுவும் வரவில்லை.

ஜூன் 20, வியாழன்

கொடுமை! எனக்குப் பாடம் எடுக்கிறார். சாயங்காலம் அந்த வளைவுக்கு நடத்திக் கூட்டிப்போய், தான் இந்தப் பக்கம் நின்றுகொண்டு என்னை அந்தப் பக்கம் போகச் சொன்னார். போனேன். திரும்பி வரச் சொன்னார். வந்தேன். “கண்ணாடியைப் பாத்தியா?” என்கிறார். “நான் என்ன காராப்பா? கண்ணாடி எங்க இருக்கு?” அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரித்து எத்தனை நாளாயிற்று!

மறுபடியும் போகச் சொன்னார். மறுபடியும். ஐஸ்கிரீம்காரர் வேடிக்கை பார்த்துவிட்டு, “பாஸ் போட்டு விடுங்க சார், பாவம்” என்றார். அப்பா பாஸ் போட்டார்.

ஜூன் 22, சனி

மழை. காலையிலிருந்து அடைமழை. “நான் ஒண்ணுமே சொல்லலை பாப்பா” என்று அப்பா கையைத் தூக்குகிறார். வானத்திடம்கூட இவர்தான் பேசி வைத்திருப்பாரோ?

ஜூன் 29, சனி

ஒட்டடைக்குச்சிக்கு இதுதான் கடைசி சனிக்கிழமை. நாளைக்கு லாரி வருகிறது.

சைக்கிளை வெளியே எடுத்தபோது அப்பா காற்று இருக்கிறதா என்று டயரை அமுக்கிப் பார்த்தார். பிரேக்கைப் பார்த்தார். மணியை அடித்துப் பார்த்தார். பொறுமையாக நின்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு. கடைசியில் சட்டைப் பையிலிருந்து கார் சாவியை எடுத்து என் கையில் வைத்தார்.

“இதை நீ வெச்சுக்க. என்கிட்ட இருந்தா பின்னாடியே வந்துடுவேன்.”

வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். அவர் வாசல் மண்ணில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். தெருமுனையில் திரும்பிப் பார்த்தேன், எழுந்திருக்கவில்லை. வளைவில் பார்த்தேன், மஞ்சள் வண்டி இல்லை.

பெஞ்சு நிஜமாகவே ஆடுகிறது. மூன்று பேர் உட்கார்ந்தால் அதிகமாக ஆடுகிறது. என்ன பேசினோம் என்று எழுதப்போவதில்லை, அது எங்களுக்குள். ஒட்டடைக்குச்சி அழுதாள், வாயாடி அழுதாள், அப்புறம் எதற்கோ வயிறு வலிக்கச் சிரித்தோம். போன் ஒரு தடவைகூட அடிக்கவில்லை. நான்தான் இரண்டு தடவை எடுத்துப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா அதே நாற்காலியில் இருந்தார். சாவியை நீட்டினேன்.

வாங்கிக்கொண்டு, “அந்த வாயாடிப் பொண்ணு ஊர்லதானே இருப்பா?” என்றார்.

“ஆமா.”

“அப்ப அடுத்த சனிக்கிழமையும் ஞாபகமா சாவியை வாங்கிட்டுப் போ.”

நாற்காலியை உள்ளே எடுத்துப்போக எழுந்தார். அவருடைய வலது கால் இருந்த இடத்தில் மட்டும் மண் ஆழமாகக் குழிந்திருந்தது. அவர் பார்ப்பதற்குள் செருப்பால் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு நானும் உள்ளே போனேன்.