அறை நடுவில் வைத்த மீன்தொட்டி

புதன், இரவு.

காலையில் மோட்டார் போடக் கீழே போனேன். வாடகைக்கு இருக்கும் ஸ்டெல்லா குழந்தையின் தொட்டிலை அடுக்களையில் கட்டியிருந்தாள். ஏனென்று கேட்டேன்.

"முன்னறையில மேல விரிசல் விட்டிருக்கு அண்ணாச்சி. ஒரு மாசமாச்சு. சொன்னா காலி பண்ணச் சொல்லுவீங்களோன்னு பயம்."

அந்த விரிசலுக்கு நேர் மேலேதான் என் ஐந்தடி மீன்தொட்டி. உடனே கொத்தனாரைக் கூட்டி வந்தேன்.

"தண்ணியே அரை டன் இருக்கும். பீம் மேல, சுவரை ஒட்டி வைக்காம நடுவுல வச்சிருக்கீங்களே!" என்றார். உப்பளக் காற்றில் கம்பியும் துருப்பிடித்திருக்கிறதாம்.

தண்ணீரை இறைத்துவிட்டேன். மீன்கள் வாளிகளில் கிடக்கின்றன. நாளை இன்ஜினீயர் வந்து பார்க்கும்வரை முன்னறைக்குப் போகாதே என்று ஸ்டெல்லாவிடம் சொன்னேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன்.

"அப்போ நாங்க காலி பண்ண வேண்டாம்லா?" என்றுதான் கேட்டாள்.

வேண்டாம் என்றேன். நம்பினாளா, தெரியவில்லை.