ஆறாவது குழி

போன மாதம் நம் தைலமரக் கொல்லையில் சோதனைத் துளை போட்டார்கள். கம்ப்ரஸர் உறுமத் தொடங்கியதும் சூடான கல்தூளின் வாசனை எழுந்தது. உன் சட்டையில் எப்போதும் இருந்த வாசனை. நீ கண்ணை மூடி நாலு வருஷம் ஆகிவிட்டது மாப்ளே. இன்றைக்குத்தான் உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

விஷயம் இதுதான். பாறையைக் குடைந்து, ஹைட்ரஜன் வாயுவைப் பூமிக்கடியில் அழுத்தி வைக்க ஒரு கம்பெனி இடம் தேடுகிறது. வல்லத்திராக்கோட்டைப் பக்கத்து நம் மேட்டுப் பாறை பிடித்துப்போய்விட்டது. நான் கேட்கத் துணியாத விலையை அவர்களே சொன்னார்கள்.

ஆய்வுக்கு வந்த நிலவியல்காரப் பெண் நோட்டைத் திறந்துகொண்டு, "ஐயா, இங்க பழைய போர் ஏதாச்சும் போட்டிருக்கீங்களா?" என்று கேட்டார்.

"இல்லம்மா" என்றேன். யோசிக்காமலே வந்தது. தண்ணீர் வராத குழியைப் பற்றி வெளியே பேசுவதில்லை. நம் தொழிலில் அப்படித்தான். பேசினால் நிலத்தின் விலை போய்விடும்.

நான் போர் வண்டி முதலாளி, நீ டிரில்லர். சொந்த நிலமாயிற்றே என்று ஆறு இடத்தில் எண்ணூறு அடி இறக்கினோம். ஆறிலும் புழுதி. ஒவ்வொரு தடவையும், மண் சரியாமல் இருக்கக் குழிவாயில் இறக்கிய இரும்பு கேசிங் பைப்பை உருவச் சொன்னேன், அடுத்த ஊரில் காசாக்கலாமே என்று. குழிமேல் ஒரு பலகைக் கல், அதன்மேல் மண், அதற்கு மேல் தைலங்கன்று.

"அடையாளமாச்சும் நடுவோம் மாப்ளே. ஒரு நாளைக்கு வேணும்" என்றாய்.

"என்னத்துக்கு? வாங்க வாரவன் பாத்துட்டு ஓடவா?"

"ஒன் மூள வெலயவிட்டு நகராதுடா" என்று சிரித்தாய். சிரிப்பு இருமலில் முடிந்தது. அந்த இருமல் அப்போதே இருந்தது. வாயில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் தூசியில் நிற்பாய். ஒரு முகமூடி வாங்கித் தர எனக்குத் தோன்றவில்லை.

"அப்ப இல்லேன்னு எழுதிக்கிறேங்கய்யா" என்றார் அந்தப் பெண். "எதுக்குக் கேக்குறேன்னா, ஹைட்ரஜன் ரொம்பப் பொடிசு. வெடிப்புல, பழைய குழியில பூந்து மேல வந்துரும். வாசம் கெடையாது. பத்திக்கிட்டா பகல்ல நெருப்பே கண்ணுக்குத் தெரியாது." பிறகு கொல்லையின் ஓரத்தைக் காட்டி, "அது யாரு வீடுங்க?" என்றார்.

அது உன் வீடு. வாசலில் உன் மகள் விறகடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

"எழுதாதம்மா. ஆறு இருக்கு" என்றேன்.

மூன்றைத்தான் என்னால் காட்ட முடிந்தது. மற்றவை உன்னோடு போய்விட்டன. உன் மனைவியைக் கூப்பிட்டேன். தினமும் மதியச் சோறு கொண்டுவந்தவள். "இங்கிட்டுத்தாண்ணே வண்டி நின்னுச்சு. அங்கிட்டு ஒக்காந்து சாப்புட்டாரு" என்று இரண்டு இடம் காட்டினாள். தோண்டினால் பலகைக் கல் தட்டியது.

"இன்னொன்னு எங்க தங்கச்சி?"

"அன்னைக்கு எனக்குப் பிரசவம்ல. நான் வரல. அவரு ஆஸ்பத்திரிக்கு வாரேன்னுதான் சொன்னாரு, நீங்க விடல" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை.

மூன்று நாள் கருவியை இழுத்துக்கொண்டு கொல்லை முழுக்க நடந்தார்கள். இரும்பு இருந்தால் காட்டிக் கொடுத்துவிடுமாம். இரும்பைத்தான் நான் உருவி விற்றுவிட்டேனே. இப்போதும் தினம் காலையில் போய்க் கடப்பாரையால் தட்டிப் பார்க்கிறேன். நீ எங்கே நிற்கச் சொல்லியிருப்பாய் என்று யோசித்து யோசித்து அங்கெல்லாம் நிற்கிறேன்.

கம்பெனியோடு மறுபடி உட்கார்ந்து பேசி முடித்தது இது: முதலில் சொன்ன விலையில் பாதி. ஆறு குழியையும் அடியிலிருந்து வாய்வரை சிமெண்டால் அடைக்கும் செலவு என்னுடையது. ஆறாவது கிடைக்கும்வரை வாயு இறங்காது, எனக்குப் பணமும் வராது. கிடைக்காவிட்டால் நிலம் என்னிடமே இருக்கும்; பின்னால் யாருக்கு விற்றாலும், ஆறு குழி உண்டு, ஒன்று எங்கே என்று தெரியாது என்று பத்திரத்தில் எழுதித்தான் விற்க வேண்டும்.