எட்டுச் சாண், எட்டு ஷிபெர்

அன்ரி,

முதலில் மன்னியுங்கள். உங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. நேரில் வந்தாலே பாதி வசனத்தை விழுங்குகிறவள் நான், இப்போது நீங்கள் கண்ணை மூடிய பிறகு கடிதம் எழுத வெளிக்கிட்டிருக்கிறேன். ஆங்கிலத்தில் எழுதினால் உங்கள் மகனுக்குக் காட்டச் சொல்லி மனம் கேட்கும். தமிழில் எழுதினால் அப்பா வாசித்துவிடுவார். அதனால் எழுதி முடித்ததும் இதை வேலையிடத்து மேசை லாச்சியில் பூட்டி வைப்பதாக முடிவெடுத்திருக்கிறேன்.

இன்று காலை குசினி ஜன்னலைத் திறந்ததும் புதுப் பலகை மணம் முகத்தில் அடித்தது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் புது வேலி நிற்கிறது. மூன்று வருடத்தில் இது இரண்டாவது வேலி. முதலாவதைப் பற்றித்தான் உங்களிடம் சொல்லாமல் விட்ட விஷயம் ஒன்று இருக்கிறது.

2009இல் நாங்கள் பெண்டில் ஹில்லில் உங்கள் பக்கத்து வீட்டுக்கு வந்த கிழமையே வேலிக்கு மேலால் ஒரு பை போஞ்சிக்காயை நீட்டி, ‘ஒரு ரத்தல்’ என்றீர்கள். அப்பா திகைத்துப்போனார். மோல்ட்டாவிலிருந்து சின்ன வயதில் கப்பலேறி வந்து, கோழிப்பண்ணை நடத்தி, கணவனையும் அடக்கம் செய்துவிட்டுத் தனியே இருக்கும் ஒரு மனிசி றாத்தல் என்கிறாவே என்று அம்மாவிடம் போய்ச் சொன்னார். அப்பா இன்றைக்கும் பாண் வாங்குவது றாத்தல் கணக்கில்தான். அம்மா பையைத் தராசில் வைத்தா. எண்ணூறு கிராம். எங்கள் றாத்தல் அதில் பாதிக்குச் சற்று மேலே, அவ்வளவுதான். “ஆக்கள் எங்கட ஆக்கள்தான், றாத்தல்தான் பெரிசு” என்று அப்பா தீர்ப்புச் சொன்னார்.

பிறகு ஒருநாள் உங்கள் ஊரில் காணியைத் தொம்னா என்று அளப்பீர்கள் என்றும், ஒரு தொம்னா விதை விதைக்கக்கூடிய நிலம்தான் ஒரு தொம்னா என்றும் சொன்னீர்கள். அப்பாவுக்கு அது போதும். யாழ்ப்பாணத்தில் அவருடைய தகப்பனின் காணி உறுதியிலும் நிலத்தின் அளவு வரகு விதைப்புக் கணக்கில்தான் எழுதியிருந்தது. அன்றிலிருந்து உங்கள் அளவும் எங்கள் அளவும் ஒன்று என்று அவர் நம்பிவிட்டார். நீங்களும் நம்பினீர்கள். வினை அங்கேதான் தொடங்கியது.

அடுத்த வருடம் காற்றில் பழைய வேலி விழுந்தது. நீங்களும் அப்பாவும் துப்புரவில் ஒருவரை ஒருவர் விஞ்சியவர்கள். ஒரே சனிக்கிழமையில் பலகையைக் கழற்றி, கட்டைகளைப் பிடுங்கி, குழிகளை மண்போட்டு மூடி, மேலே தண்ணீரும் தெளித்துவிட்டீர்கள். தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றபோதுதான் வேலி எங்கே நின்றது என்று காட்ட ஒரு அடையாளமும் மிச்சமில்லை என்பது இருவருக்கும் விளங்கியது.

எங்கள் கராஜ் சுவரிலிருந்து எட்டு என்றார் அப்பா. வீடு வாங்கிய அன்றே கையால் அளந்து வைத்திருந்தார். எட்டேதான் என்றீர்கள் நீங்களும். உங்கள் கணவர் அந்த வேலியைப் போட்டபோது எட்டு ஷிபெர், அதாவது ஒரு அஸ்பா, என்று சொன்னவராம். ஷிபெர் என்றால் என்ன என்று அப்பா கேட்டார். நீங்கள் பெருவிரலையும் சின்ன விரலையும் விரித்துக் காட்டினீர்கள். சாண். இருவரும் கைகுலுக்கினீர்கள். அவ்வளவு சந்தோஷமான ஒரு எல்லைப் பேச்சு உலகத்தில் எங்கும் நடந்திருக்காது.

அப்பா தன் கையால் எட்டுச் சாண் வைத்துக் கயிறு கட்டினார். நீங்கள் உள்ளே போய், உங்கள் கணவர் கத்தியால் பன்னிரண்டு கோடு வெட்டி வைத்திருந்த ஷிபெர்த் தடியைக் கொண்டுவந்து எட்டுத்தரம் வைத்து இன்னொரு கயிறு கட்டினீர்கள். இரண்டு கயிற்றுக்கும் நடுவில் ஒரு பூனை படுக்கலாம்.

மனிசன் கடவுள் தந்த கையால்தான் அளக்க வேண்டும் என்று அப்பா நின்றார். அதை நான் ஆங்கிலத்தில் சொன்னேன். நீங்கள் தடியை அவர் முகத்துக்கு நேரே பிடித்தீர்கள்.

“உன்ர அப்பாவின்ர கை இண்டைக்கு ஒரு அளவு, நாளைக்கு வீங்கினால் வேற அளவு. தடி வீங்காது எண்டு கொப்பருக்குச் சொல்லு.”

நான் சொன்னேன். குசினிக்குள் அம்மா சிரித்தது வெளியே கேட்டது.

நான் அப்போது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம், நில அளவை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கம்பஸ் போனவள். அதையும் அப்பா ஊராருக்கு ‘எஞ்சினியரிங் மாதிரி ஒண்டு’ என்றுதான் சொல்லுவார். நிலம் அளக்கிற ஒரு சேவயரை நம்பித்தான் அவருடைய தகப்பன் வேலி வழக்கில் தோற்றவர். அதனால் இந்தச் சண்டையில் என்னை ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் அந்த இரண்டு கயிற்றையும் பார்த்த உடனேயே எனக்கு விளங்கிவிட்டது. அளவு தொடங்குவது எங்கள் சுவரிலிருந்து. உங்கள் ஷிபெர் பெரியது. உங்கள் கயிறு உங்கள் வளவுக்குள்ளேதான் ஓடியது. அதாவது அன்ரி, அப்பா தன் காணி குறைவதற்காகச் சண்டை பிடித்தார். நீங்கள் உங்கள் காணி குறைவதற்காகச் சண்டை பிடித்தீர்கள். இரண்டு நாள்.

நான் வாயைத் திறந்தேன். “நீ சும்மா இரு பிள்ளை” என்றார் அப்பா. நீங்கள் என் கையில் ஒரு துண்டுக் கேக்கைத் திணித்தீர்கள். நான் சும்மா இருந்தேன். எனக்கு நன்றாக வருகிற வேலை அது.

மூன்றாம் நாள் அப்பா தானே போய்த் தன் கயிற்றை அவிழ்த்தார். “அக்கா சொல்லுற மாதிரியே இருக்கட்டும் எண்டு சொல்லு பிள்ளை” என்றார். அக்கா என்றால் என்ன என்று கேட்டீர்கள், சொன்னேன். மூக்கைச் சிந்திக்கொண்டு உள்ளே போனீர்கள்.

அப்பாவின் தகப்பனும் சிறிய தகப்பனும் ஒரு வேலிக் கதியால் நடுகிற அளவு நிலத்துக்காக வழக்காடி, சாகும்வரை முகம் பார்க்காமலே போனவர்கள். பிறகு அந்தக் காணி முழுவதையும் ஆமி வேலிபோட்டு எடுத்துவிட்டது. ஆகவே அப்பாவுக்கு இது சின்ன விஷயமில்லை. “எங்கட பரம்பரையிலை வேலியிலை விட்டுக்குடுத்தவன் நான் ஒருத்தன்தான்” என்று கோயிலில், கலியாண வீட்டில், வேலை செய்யும் கிடங்கில், எல்லா இடமும் சொன்னார். விட்டுக்கொடுத்ததால் கிடைத்த நிலத்தில் முருங்கை நட்டார்.

கடைசி வருடத்தில், பயிற்சிக்காகக் கொண்டுவந்த கருவியால் ஒருநாள் பதிவு வரைபடத்தின்படி எல்லையை அளந்து பார்த்தேன். அப்பாவின் சாண்தான் சரி. உங்கள் கணவர் எந்த இடத்திலிருந்து எட்டு எண்ணினாரோ தெரியாது. சரியாக ஒரு ஷிபெர் அகலத்துக்கு உங்கள் நிலம் எங்கள் பக்கம் இருந்தது. முழு நீளத்துக்கும் பார்த்தால் உங்கள் கணக்கில் தொம்னாவில் அறுபதில் ஒன்றான கெய்லாவில் அரைவாசியும் வராது. ஆனால் முருங்கை அதற்குள்தான் நின்றது.

சொல்ல மூன்று தரம் வந்தேன். முதல் முறை சாப்பிட வைத்து அனுப்பினீர்கள். இரண்டாம் முறை அந்த ஷிபெர்த் தடியைத் தந்து ஒரு சிலந்தியை அடிக்கச் சொன்னீர்கள். மூன்றாம் முறை ஆஸ்பத்திரியில். “இவளின் தகப்பனை வேலிச் சண்டையில் வென்றவள் நான்” என்று தாதியிடம் என்னை அறிமுகப்படுத்தினீர்கள். அதற்குமேல் எப்படிச் சொல்வது?

காணி போவது தெரிந்துதான் விட்டுத்தந்தீர்கள் என்று எழுதினால் இந்தக் கடிதம் அழகாக முடியும். அப்படி இல்லை. வென்ற அன்று உங்கள் முகத்தில் இருந்த பெருமையை நான் பார்த்தேன்.

நீங்கள் போய் இரண்டு மாதத்தில் வீடு விற்பனைக்கு வந்தது. உங்கள் மகன் லொறியை வாசலில் விட்டுவிட்டுப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டிருந்தார். நான் போனேன். இந்த முறை விழுங்காமல் முழுதாகச் சொன்னேன். அவர் பெட்டியை நிலத்தில் வைத்துவிட்டு இருமும்வரை சிரித்தார்.

“அப்ப அம்மா சண்டையிலை வெண்டு காணியிலை தோத்திருக்கிறா. விடும், இருந்துட்டுப் போகட்டும்” என்றார்.

விட முடியாது, வாங்குகிறவர் அளப்பார், இப்போது இதுதான் என் வேலை என்றேன். அவர் என்னை முதல்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

அப்பாவிடம் வேலி ஒரு ஷிபெர் இந்தப் பக்கம் வர வேண்டும் என்றேன். கேட்கப்போகிற கேள்விக்கு இரவிரவாகப் பதில் தேடி வைத்திருந்தேன். அவர் காரணமே கேட்கவில்லை.

“அண்டைக்குத் தாய்க்குக் குடுத்தனான். இண்டைக்கு மகனுக்குக் குடுக்கிறன்” என்றார்.

முருங்கையைத் தானே வெட்டினார். கொப்புகளில் ஒன்றை இங்கால் எங்கள் பக்கம் நட்டார், ஒன்றை வரப்போகிற புது ஆட்களுக்கென்று வாளியில் வைத்தார். நான் மறுபடியும் சும்மா இருந்தேன். முதல்முறை பயத்தில். இந்த முறை பயத்தில் இல்லை.

இப்போது வேலையில் எனக்கு எல்லாமே மில்லிமீட்டர். அந்த மில்லிமீட்டர்களுக்கு நடுவில் அப்பாவின் இந்த ஒரு கணக்கை மட்டும் பிழையாகவே வைத்துக்கொண்டு திரிகிறேன்.

கேட்க வந்தது இதுதான் அன்ரி. ஒருநாள் அப்பாவும் அங்கே வருவார். வந்ததும் பக்கத்து ஆட்களுக்கு இந்தக் கதையைத்தான் முதலில் சொல்லுவார். உங்களுக்கு இப்போது எல்லாம் தெரிந்துவிட்டது. தயவுசெய்து ஒன்றும் சொல்லாதேயுங்கள். நான்தான் வென்றேன் என்று தலையை நிமிர்த்தி இருங்கள். உங்கள் கணவர் சிரிக்க வெளிக்கிட்டால் முழங்கையால் ஒரு இடி இடியுங்கள். அப்பா விட்டுக்கொடுத்தவராகவே இருக்கட்டும்.