முகமூடிக்காரன் சாகவில்லை

என்னங்க,

ரொட்டியும் சம்பலும் அடுப்படியில் மூடியிருக்கின்றன. சாவி வேலாயி அக்காவிடம். நான் டயகமவுக்கு, அம்மாவைப் பார்க்கப் போகிறேன்.

நேற்று கொட்டகலையில் உங்கள் பள்ளிக்கூடத்து ஹலீமா டீச்சரைப் பார்த்தேன். “போட்டி போடுற ரெண்டு கம்பெனி காமிக்ஸ் ஆளுங்க, அந்தப் பறக்கிற வீரனையும் முகமூடிக்காரனையும் ஒரே கதையில சேத்துட்டாரே உங்க வீட்டுக்காரரு! கடைசியில முகமூடிக்காரன் வெள்ளத்துல போயிட்டானே, பாவம்” என்றார்.

அவர்களைச் சேர்த்து வைத்தது நான். அடுப்பு முன்னால் உட்கார்ந்து நாம் இருவர் மட்டும் கட்டிய கதை அது. அவரிடம் சிரித்துச் சிரித்துச் சொன்னீர்களாம். சொன்னதுகூட இருக்கட்டும், என் பெயரை ஏன் சொல்லவில்லை?

வெள்ளிக்கிழமை வருவேன்.

சண்முகவடிவு

இன்னொன்று: முகமூடிக்காரன் சாகவில்லை. எப்படிப் பிழைத்தான் என்று யோசித்து வைத்திருக்கிறேன். டீச்சர் கேட்டால், “அது என் சம்சாரம் வடிவுக்குத்தான் தெரியும்” என்று சொல்லுங்கள்.