பெயரடைவில் ஒரு சீட்டு

மார்ச் 4

ஒரு நீதிபதியின் வாழ்க்கை வரலாற்றை இன்று முடித்தேன். ஐந்நூற்றுச் சொச்சம் பக்கம். பெரிய மனிதர்கள் எல்லோரும் முதல் அத்தியாயத்தில் கஷ்டப்படுகிறார்கள். நானும்தான் கஷ்டப்பட்டேன். அவர்களுக்கு இரண்டாம் அத்தியாயம் என்று ஒன்று வந்தது. எனக்கு வரவில்லை.

மனைவி கேட்டாள்: "அடுத்தவங்க கதையைப் படிச்சுட்டு ஏங்க இப்படி மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கறீங்க? படிக்காமத்தான் இருங்களேன்."

எப்படி இருக்க முடியும்? பிழைப்பே அதுதான். புத்தகத்தின் கடைசியில் எந்தப் பெயர் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று ஒரு பட்டியல் இருக்குமே, பெயரடைவு, அதைத் தயாரிப்பவன் நான். பத்தொன்பது வருடமாக.

மார்ச் 11

பதிப்பகத்திலிருந்து புதிய கட்டு வந்தது. பிரித்தால் நெட்டையனின் தன்வரலாறு.

நெட்டையன் கல்லூரி விடுதியில் மூன்று ஆண்டுகள் என் அறைத்தோழன். இன்று, கடலில் மூழ்கிய துறைமுகத்தைக் கண்டுபிடித்த மாபெரும் தொல்லியல் அறிஞன். தொலைக்காட்சியைத் திருப்பினால் அவன் முகம்.

பதிப்பாசிரியராக இருக்கும் பெண் தொலைபேசியில் கேட்டாள்: "இவர் உங்க காலேஜாமே சார், தெரியுமா?"

"கேள்விப்பட்டிருக்கேன்" என்றேன்.

மார்ச் 12

ஒரு பெயருக்கு ஒரு சீட்டு. படிக்கப் படிக்கச் சீட்டில் பக்க எண்ணைக் குறித்துக்கொண்டே போக வேண்டும். எங்கள் பேராசிரியருக்கு இதுவரை பதினேழு பக்கம். விடுதிச் சமையல்காரருக்கு ஆறு. விடுதி நாயைப் பற்றிக்கூட இரண்டு இடத்தில் உருகியிருக்கிறான்.

நான் எங்குமே இல்லை.

நாய்க்குச் சீட்டு போடவில்லை. என் அதிகாரம் அவ்வளவுதான்.

மார்ச் 13

நூற்று இருபதாம் பக்கம் வரை இல்லை.

மார்ச் 15

வெளிநாட்டு ஆய்வு உதவித்தொகை பற்றிய அத்தியாயம். இருந்தது ஓர் இடம். கடைசிச் சுற்றில் அவனும் நானும் மட்டும். அவனுக்குக் கிடைத்தது. எழுதுகிறான்: 'போட்டியிட்ட அனைவரும் என்னைவிடத் தகுதி வாய்ந்தவர்கள்.'

அனைவருமாம். நான் ஒருவன்தானே இருந்தேன்? பணிவிலும் முதல் மதிப்பெண் வாங்கிவிடுகிறான்.

மார்ச் 16

பக்கம் 147.

'என் ஆய்வேடு வேறொருவருடையதிலிருந்து திருடி எழுதியது என்று தேர்வுக்குழுவுக்கு ஒரு மொட்டைக் கடிதம் போனது. எங்கள் அறைக்குள் மட்டும் பேசிய ஒரு விஷயம் அதில் இருந்ததால், எழுதியவர் யாரென்று அன்றே தெரிந்துவிட்டது. பெயரைச் சொல்லப்போவதில்லை. அவருக்கும் குடும்பம் இருக்கும்.'

ஆமா, நான்தான் எழுதினேன். இருபத்தெட்டு வருஷமா இந்த நோட்டுலகூட எழுதாத விஷயம். இப்ப எழுதியாச்சு, போதுமா?

இதற்கு மேல் ஒன்று இருக்கிறது. அந்த விசாரணையால் அவன் பயணம் ஓராண்டு தள்ளிப்போனதாம். வேலையில்லாமல் கடற்கரையில் சுற்றியபோதுதான், கடல் உள்வாங்கிய ஒரு காலையில் அந்தத் துறைமுகத்தின் சுவரைப் பார்த்தானாம். 'துறைமுகத்தில் அந்தக் கடிதத்துக்கும் ஒரு பங்கு உண்டு.'

நான் அவனைக் கவிழ்க்கத் தோண்டிய பள்ளத்திலும் அவனுக்குப் புதையல் கிடைத்திருக்கிறது. என்ன ஜாதகமோ.

மார்ச் 17

வேலை ஓடவில்லை.

மேசைமேல் கிடந்த அட்டைப்படத்தைப் பார்த்துவிட்டு மனைவி சொன்னாள்: "எவ்வளவு சிரிச்ச முகம். இவரையா கல்யாணம் ஆன நாள்லேர்ந்து கரிச்சுக் கொட்டறீங்க?"

மார்ச் 19

பெயரடைவு வேலையில் ஒரு விதி உண்டு. ஒருவர் பெயர் பக்கத்தில் இல்லாவிட்டாலும், யாரென்று சந்தேகமில்லாமல் தெரிந்தால் சீட்டு போட வேண்டும். புதிதாக வருபவர்களுக்கு நானே சொல்லிக்கொடுக்கும் விதி.

எனக்குச் சந்தேகமில்லை.

எத்தனை ஆயிரம் பெயர்கள் எழுதிய கை. என் பெயரை எழுதி, ஒரு காற்புள்ளி வைத்து, 147 என்று போடுவதற்குள் வியர்த்துவிட்டது.

இது நேர்மையா? அல்லது எந்த அசிங்கத்தின் பேரிலாவது ஒரு புத்தகத்தில் ஏறிவிட வேண்டும் என்ற அரிப்பா? இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன். மீதிப் பக்கங்களையும் முடித்து, மாலைத் தபாலில் அடைவை அனுப்பிவிட்டேன்.

மார்ச் 24

பதிப்பாசிரியப் பெண் கூப்பிட்டாள்.

"சார், அடைவுல உங்க பேர் இருக்கு. கை தவறி விழுந்துடுச்சா?"

"இல்லம்மா. தெரிஞ்சுதான் போட்டேன்."

"நூத்தி நாப்பத்தேழுல மொட்டைக் கடுதாசி எழுதின ஆள் மட்டும்தானே சார் வர்றார்?"

"ஆமா."

"சரி சார், ஆசிரியருக்கு அனுப்பறேன். அவர் பார்த்துச் சொல்லட்டும்" என்றாள். குரலில் வழக்கமான கலகலப்பு இல்லை.

ஏப்ரல் 2

அச்சுக்குப் போகுமுன் திருத்தும் மெய்ப்பு, நெட்டையனிடமிருந்து திரும்பி வந்தது. பதினோரு பக்க அடைவில் அவன் செய்திருக்கும் திருத்தம் ஒன்றே ஒன்று. என் பெயரின் குறுக்கே சிவப்புக் கோடு. ஓரத்தில் அதே சாய்ந்த கையெழுத்து: 'இவர் இந்தப் பக்கத்தில் இல்லை. எடுத்துவிடவும்.'

நான்கு முறை படித்தேன்.

பொய் சொல்கிறான். எனக்காகப் பொய் சொல்கிறான். இதையும் அவன்தான் செய்ய வேண்டுமா? எனக்கென்று ஒரே ஒரு நல்ல காரியத்தை மிச்சம் வைக்கக் கூடாதா?

ஏப்ரல் 3

காலையில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தவில்லை. கடைசித் துணியையும் மடித்து வைத்துவிட்டுத்தான் பேசினாள்.

"இத்தனை வருஷமா நீங்க அவரைத் திட்டறப்பல்லாம், அவர்தான் உங்களுக்கு ஏதோ துரோகம் பண்ணிட்டார்னு நினைச்சிட்டிருந்தேன்."

மடித்த துணியை அலமாரியில் அடுக்கிவிட்டு வந்து கேட்டாள்:

"அவர் நம்பர் இருக்கா?"

"பதிப்பகத்துல இருக்கும்."

"வாங்குங்க."

பத்தரை மணிக்கு அழைத்தேன். எடுக்கமாட்டான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். எடுத்தான்.

"யாருங்க?"

பெயரைச் சொன்னேன்.

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் ஓசை கேட்டது. அவன் உட்காரும் வரை காத்திருந்தேன்.