கேட்டதற்கு மட்டும்

மார்ச் 11

காலையில் முதியோர் இல்லத்து வாசலில் இரண்டு கார்கள் நின்றன. யாருக்காவது முடியாமல் போய்விட்டதோ என்று பதறி உள்ளே ஓடினேன். அப்படி ஒன்றுமில்லை. இங்கே இருக்கும் டீச்சரம்மாவின் மகளுக்குச் சட்டமன்றத் தேர்தலில் சீட் கிடைத்திருக்கிறது. கட்சிக்காரர்கள் மாலையோடு வெளியே காத்திருக்க, வேட்பாளர் உள்ளே அம்மாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார்.

மகள் வக்கீல். எங்கள் எல்லோருக்கும் அவர் வக்கீலம்மா. கோர்ட்டுக்குப் போகிற வழியில் தினமும் வந்து, அம்மாவுக்கு முகம் துடைத்து, தலை வாரிவிட்டுத்தான் போவார். டீச்சரம்மாவுக்கு இது தன் மகள் என்பது பாதி நாள் ஞாபகம் இருக்காது. இன்றைக்கு, "நீ எந்த செக்‌ஷன்?" என்று கேட்டார். "பி செக்‌ஷன், மிஸ்," என்றார் வக்கீலம்மா, முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

எனக்குத்தான் சிரிப்பு வந்துவிட்டது. திரும்பி நின்றுகொண்டேன்.

இடுப்பெலும்பு முறிந்து கூடியதிலிருந்து டீச்சரம்மாவை நடக்க வைப்பது பிசியோதெரபிஸ்டான என் வேலை. இல்லத்து ஆயாம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். இன்று ஜன்னல் வரை போய் வந்தோம். ஊரில் பாதிப் பேருக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தவர், ஜன்னலுக்குப் போய் வந்ததற்கு எங்களிடம் "வெரி குட்" வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

மார்ச் 15

மாமியார் வீட்டில் சாப்பாடு. எல்லோரும் இருந்தார்கள்.

என் கொழுந்தனார் இப்போதைய எம்.எல்.ஏ.வுக்கு வலது கை மாதிரி. பேச ஆரம்பித்தால் வீட்டில் வேறு யாருக்கும் வாய் கிடையாது. நான் ஏதாவது சொன்னால், "அண்ணி, அந்தத் தண்ணிய இப்படி எடுங்க," என்பார். இத்தனை வருடத்தில் என்னிடம் ஒரு விஷயம் கேட்டதாக நினைவில்லை.

இன்றும் தேர்தல் பேச்சுதான். எதிரில் நிற்கிற வக்கீலிடம் குறை சொல்ல ஒன்றுமே சிக்கவில்லை என்று அலுத்துக்கொண்டார். சொத்து இல்லை, வழக்கு இல்லை. பத்தாததற்கு டீச்சரோட பொண்ணு என்ற நல்ல பேர் வேறு.

"அவங்க அம்மாவ எனக்குத் தெரியும். நான் போற ஹோம்லதான் இருக்காங்க."

சொன்னது நான்தான்.

அத்தனை பேரும் என் பக்கம் திரும்பினார்கள். கொழுந்தனார் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நெஜமாவா அண்ணி? எவ்வளவு நாளா?" என்றார். சொன்னேன். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். வக்கீலம்மாவும் அவர் கணவரும்தான் என்றேன். "ரெண்டு பேர் இருந்துமா?" என்றார் மாமியார்.

கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். ஏன் அங்கே வைத்திருக்கிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பெருமையாக இருந்தது. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

மார்ச் 16

சொல்லாமல் விட்டதை இங்கேயாவது எழுதி வைக்கிறேன். டீச்சரம்மா வீட்டில் இருந்தபோது கேஸைத் திறந்துவிட்டுப் பற்ற வைக்க மறந்துவிடுவார். ஒருநாள், ஸ்கூலுக்கு நேரமாச்சு என்று கிளம்பி மெயின் ரோட்டு நடுவில் போய் நின்றிருக்கிறார். இடுப்பு உடைந்தது அன்றைக்குத்தான். வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. இல்லத்தில் கொண்டு வந்து விட்ட அன்று வக்கீலம்மா வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தார். எழுந்து போக அவருக்கு மனசே வரவில்லை.

இதெல்லாம் எனக்குத் தெரியும். நேற்றும் தெரியும்.

மார்ச் 22

ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு எங்கள் தெருவில் வந்தார்கள். "பெத்த தாய வீட்டுல வெச்சுப் பாக்காதவங்க, உங்களையா பாத்துக்கப் போறாங்க?" தெருமுனையில் நின்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். பக்கத்து வீட்டு அக்கா, "அடப்பாவமே, பாத்தா அப்படித் தெரியலியே," என்றார்.

நான் ஜன்னலைச் சாத்தினேன். அப்புறமும் கேட்டது.

மார்ச் 23

கணவரிடம் சொன்னேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "நீ பொய் ஒண்ணும் சொல்லலியே," என்றார்.

இல்லை. பொய் சொல்லியிருந்தால் அது பொய் என்றாவது யாராவது காட்டியிருப்பார்கள்.

மார்ச் 27

இன்று நடந்ததை எப்படி எழுதுவது.

யாரோ ஒருவன் உறவினர் என்று சொல்லி இல்லத்துக்குள் வந்து, டீச்சரம்மாவைப் போனில் படம் பிடித்துக்கொண்டு போய்விட்டான். கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். படம் மதியத்துக்குள் எல்லார் போனிலும் வந்துவிட்டது. எனக்கே நான்கு பேர் அனுப்பினார்கள்.

மேட்ரன் எல்லோரையும் கூப்பிட்டு நிற்க வைத்தார். இங்கே இருப்பவர்களைப் பற்றி வெளியே பேசக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்த விதி. யார் பேசியது என்று கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பார்வை ஆயாம்மா மேல் போனது. அவர் தம்பி எம்.எல்.ஏ. ஆபீஸில் வாட்ச்மேன். அது போதுமாக இருந்தது.

ஆயாம்மா ஒரே வார்த்தைதான் சொன்னார். "நான் இல்லம்மா." அழவில்லை, சத்தம் போடவில்லை. மேட்ரன் நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்.

நான் அங்கேதான் நின்றேன். ரெண்டடி தூரம். வாயைத் திறந்தால் முடிந்திருக்கும். திறக்கலையே. ஏன் திறக்கலை? வேலை போயிடும்னா? எனக்கு வேற ரெண்டு கிளினிக் இருக்கு. அவங்களுக்கு என்ன இருக்கு?

போகும்போது டீச்சரம்மாவின் செருப்பைக் கட்டிலுக்குக் கீழே நேராக வைத்துவிட்டுப் போனார்.

ஏப்ரல் 4

வக்கீலம்மா பிரசாரத்துக்கு நடுவிலும் காலையில் வருவதை விடவில்லை. குரல் கட்டிப்போயிருக்கிறது. வெயிலில் கறுத்து, கன்னம் ஒட்டிவிட்டது.

இன்று துணிந்து கேட்டேன், அம்மாவை ஏன் இங்கே வைத்திருக்கிறீர்கள் என்று மேடையில் சொல்லிவிடலாமே என்று. கட்சியிலும் அதைத்தான் சொல்கிறார்களாம். டாக்டர் சீட்டைக் காட்டுங்கள், ஒரே நாளில் அலை திரும்பிவிடும் என்று.

"சொன்னா ஓட்டு வரும். ஆனா இவங்ககிட்ட படிச்சவங்கதான் இந்த ஊர் பூரா. அவங்க மனசுல மிஸ் இன்னும் போர்டுல எழுதிக்கிட்டு நிக்கிறாங்க. அப்படியே நிக்கட்டும்," என்றார்.

பிறகு, புது ஆயாவுக்கு அம்மாவைத் தூக்கிவிடத் தெரியவில்லை, கொஞ்சம் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். சரி என்றேன். அவர் கண்ணைப் பார்க்க முடியவில்லை.

ஏப்ரல் 19

வாக்குப்பதிவு. நான் வக்கீலம்மாவின் சின்னத்தில் அழுத்தினேன். பெட்டி பீப் என்றது. போட்டது இந்த ஒரு ஓட்டு. என் பேச்சால் கெடுத்தது எத்தனை ஓட்டு?

ஓட்டுப் போட்டுவிட்டு இல்லத்துக்குப் போனேன். வக்கீலம்மா எனக்கு முன்பே வந்திருந்தார். அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்து வாக்குச்சாவடிக்கு அழைத்துப் போய்ப் படம் எடுத்துக்கொள்ளலாம் என்று கட்சியில் கெஞ்சியிருக்கிறார்கள். மறுத்துவிட்டாராம்.

டீச்சரம்மா மகளின் விரலைப் பிடித்துப் பார்த்தார். "மையக் கொட்டிக்கிட்டியா? எத்தன வாட்டி சொல்றது?" கைக்குட்டையை நாக்கில் நனைத்துத் தேய்த்தார். போகவில்லை. மறுபடி தேய்த்தார். வக்கீலம்மா கையை இழுத்துக்கொள்ளவே இல்லை.

என் விரலை நான் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 30

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

மே 13

வாக்கு எண்ணிக்கை. இல்லத்து ஹாலில் டி.வி. ஓடியது. முதல் சுற்றிலிருந்து வக்கீலம்மா முன்னிலை. கிராமங்கள் எல்லாம் அவருக்கு. மேட்ரன்கூட வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார். மதியத்துக்கு மேல் டவுன் பெட்டிகளைப் பிரித்தார்கள். ஆட்டோ சுற்றிய தெருக்கள், அந்தப் படம் சுற்றிய தெருக்கள், என் தெரு. ஒவ்வொரு சுற்றாக வித்தியாசம் கரைந்தது. கடைசிச் சுற்றில் கீழே போய்விட்டார்.

தோற்றது சொற்ப ஓட்டு வித்தியாசத்தில்தான். அவ்வளவு பேரையும் ஒரு சினிமா தியேட்டரில் உட்கார வைத்துவிடலாம்.

வீட்டுக்கு வந்தால் கொழுந்தனார் இனிப்புப் பெட்டியோடு உட்கார்ந்திருக்கிறார். மேலெல்லாம் கலர்ப் பொடி. "அண்ணி, தலைவர்கிட்டயே சொல்லிட்டேன். இந்த ஜெயிப்பு உங்களோடதுன்னு."

பெட்டியை வாங்கி மேஜை மேல் வைத்தேன். வேறு என்ன செய்ய? போய் முகத்தைக் கழுவினேன். ரொம்ப நேரம் கழுவினேன்.

மே 14

வழக்கமான நேரத்துக்கு வந்தார். இன்று காரில் வரவில்லை, நடந்தே. அம்மாவின் பின்னால் நின்று தலை வார ஆரம்பித்தார்.

சொல்லிவிட்டேன். மாமியார் வீட்டில் என்ன பேசினேன், யாரிடம் பேசினேன், எதைச் சொல்லாமல் விட்டேன், எல்லாவற்றையும். நின்றபடியே சொன்னேன்.

சீப்பு நிற்கவில்லை. சிக்கை எடுத்து, பின்னி, நுனியில் ரப்பர் போட்டு முடித்த பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"ஆயாம்மாவ அனுப்பினப்போ நீங்க இங்கதான இருந்தீங்க?"

"இருந்தேன்."

"நான் தோத்ததுக்கு நூறு காரணம் இருக்கும். அதுல நீங்களும் ஒண்ணு. சரி, போகுது. எனக்குக் கோர்ட் இருக்கு, கேஸ் இருக்கு. அவங்களுக்கு?" சீப்பிலிருந்த முடியை உருவிச் சுருட்டினார். "இத என்கிட்ட சொல்லி என்ன ஆகப் போகுது? மேட்ரன் ரூம் அந்தப் பக்கம்."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் அம்மாவின் கன்னத்தில் கை வைத்து, போய்ட்டு வரேன் மிஸ் என்று கிளம்பிவிட்டார்.

மேட்ரனிடம் போனேன். முழுவதும் கேட்டார். நீங்களா, நீங்களா என்று இரண்டு முறை கேட்டார். இனி வர வேண்டாம் என்றார். ஆயாம்மாவிடம் சொன்ன அதே குரல்தான்.

மே 16

ஆயாம்மா வீட்டைத் தேடிப்பிடித்துப் போனேன். வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். நான்தான் காரணம் என்றேன். தலையை நிமிர்த்தாமலே, மேட்ரன் போன் செய்துவிட்டார், திங்கட்கிழமையிலிருந்து வரச் சொல்லியிருக்கிறார் என்றார். உட்காரச் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் நின்றேன். பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "என் தம்பியோட ரெண்டு மாசமா பேசல. அவன்தான் சொல்லியிருப்பான்னு நானே நெனச்சிட்டேன்," என்றார்.

அதை நான் யோசித்தே பார்க்கவில்லை. இன்னும் எங்கெல்லாம் போய் விழுந்ததோ அந்த ஒரு பேச்சு.

மே 26

மாமியார் வீட்டுக்குப் போனோம். நான் இல்லத்தில் போய்ச் சொன்னது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. கொழுந்தனார் என் பக்கமே திரும்பவில்லை. தண்ணீர்கூடக் கேட்கவில்லை. மாமியார்தான், இதெல்லாம் போய் சொல்லிக்கிட்டு என்று முனகினார். "அவங்க ஏன் அங்க இருக்காங்கன்னு சொல்லட்டுமா அத்தை?" என்று கேட்டேன். கேட்டுக்கொள்ள யாரும் இல்லை.

ஜூன் 9

கிளினிக்கில் கூட்டம் குறைவு. மதியம் போன் வந்தது. ஆயாம்மா.

எப்படி இருக்கீங்க என்று கேட்கவில்லை. நேராக விஷயத்துக்கு வந்தார். புதிதாக வரும் பிசியோ அவசரப்படுத்துகிறாராம். டீச்சரம்மா இடது காலை எடுத்து வைக்கவே மாட்டேன் என்கிறாராம். "எந்தக் கையப் பிடிக்கணும்? நீங்க எப்படிப் பண்ணுவீங்க?"

பிடிக்கவே கூடாது, உங்கள் முன்கையை அவர் பிடிக்க விடுங்கள் என்றேன். முன்னால் நிற்காதீர்கள், பக்கத்தில் நில்லுங்கள். முதலில் உங்கள் காலை எடுத்து வையுங்கள், அவர் பார்த்து வைப்பார். சொல்லிக்கொண்டே எழுந்துவிட்டேன். காலி அறையில் முன்கையை நீட்டிக்கொண்டு, மெதுவாக ஒரு அடி, அப்புறம் ஒரு அடி.

மறுபக்கம் சத்தமே இல்லை. போனை வைத்துவிட்டாரோ என்று நினைத்தேன்.

"இருங்க, வைக்காதீங்க," என்றார் ஆயாம்மா. "நடக்கிறாங்க."